ஆறு வயதில் ஆறாவது பல்

(கிழக்கு தாம்பரத்தில் நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத குடும்பத்தினர் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடப்படுகிறது.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இந்த மேடையில் வழக்கமாக நாம் கல்வி உதவி பற்றிப் பேசுவோம், ஜகாத் கணக்கு பற்றிப் பேசுவோம், வேலைவாய்ப்பு பற்றிப் பேசுவோம். இன்று ஒரு பல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். வாயில் இருக்கும் அத்தனை பல்லையும் பற்றிக்கூட இல்லை, ஒரே ஒரு வகைப் பல்லைப் பற்றி. இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். காரணத்தைச் சொல்லிவிட்டால் சிரிக்க மாட்டீர்கள்.

நமது அலுவலகத்துக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பல் சம்பந்தமான மனுக்களும் இருக்கின்றன. அவற்றில் பெரியவர்களுடையது மட்டுமில்லை, ஒன்பது, பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளுடையதும் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் வந்தார். தகப்பனார் கூலி வேலை. பெண் பிள்ளைக்குப் பத்து வயது. கன்னம் வீங்கியிருந்தது. ரூட் கெனால் செய்து மேலே கேப் போட வேண்டும், இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்கிவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முதலாவதற்குப் பல ஆயிரம் ஆகும். இரண்டாவதற்குச் சில நூறு போதும். ஏழைக் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தத் தாய் சொன்ன வார்த்தையை உங்களிடம் அப்படியே சொல்கிறேன். “பால் பல்லுதானே பாய், எப்படியும் விழுந்துடும்னு விட்டுட்டோம்.”

அது பால் பல் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்பே முளைத்த நிலையான பல். ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல். அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால்தான் இந்தக் கூட்டம்.

எண்ணிப் பாருங்கள்: ஐந்துக்குப் பிறகு ஆறு

பால் பற்கள் மொத்தம் இருபது. மேலே பத்து, கீழே பத்து. நடுவில் இருந்து வலப்பக்கம் ஐந்து, இடப்பக்கம் ஐந்து. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஐந்து முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளையை வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். கைப்பேசி டார்ச்சே போதும். கீழ் வரிசையில் நடுப்பல்லில் இருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. முன்பல் விழுந்து ஓட்டையாக இருந்தால் அந்த ஓட்டையையும் ஒன்றாகச் சேர்த்து எண்ண வேண்டும். ஐந்தாவதோடு பால் பல் முடிகிறது. அதற்குப் பின்னால் ஆறாவதாக ஒன்று தெரிந்தால், அல்லது ஈறு உப்பி வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தால், அதுதான் முதல் நிலையான கடைவாய்ப் பல்.

ஆறு வயதில் வருவது ஆறாவது பல். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் கொண்டு போனாலும் இந்தக் கூட்டம் பயன் தந்துவிட்டது என்பேன்.

மேலே இரண்டு, கீழே இரண்டு என்று இவை நான்கு. பெரும்பாலும் ஆறு வயதிலிருந்து ஏழு வயதுக்குள் வரும். சில பிள்ளைகளுக்கு ஐந்தரை வயதிலேயே வரும், சிலருக்குக் கொஞ்சம் தாமதமாகும், அதில் பயம் இல்லை. வழக்கமாகக் கீழ்ப் பற்கள் முந்திக்கொள்ளும்.

நாம் ஏமாந்து போவது ஏன்? முன்பல் ஆடினால் வீடே கொண்டாடுகிறது. பிள்ளை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரியும். பல் விழுந்த இடத்தில் புதுப்பல் வருவதை நன்னிமா தினமும் பார்க்கிறார். ஆனால் இந்த ஆறாவது பல் எந்தப் பல்லையும் தள்ளிவிட்டு வருவதில்லை. எதுவும் ஆடாது, எதுவும் விழாது, ரத்தம் வராது. காலியாக இருந்த பின் இடத்தில் ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்தில் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயதில்தான் விழும். அதனால் வரிசையில் இருப்பதெல்லாம் பழைய பல்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

புதுப் பல்தான் பலவீனமான பல்

இந்தப் பல்லின் வேலை பெரியது. சோற்றை அரைப்பது இதுதான். மற்ற நிலையான பற்கள் வந்து சேரும்போது தாடைக்குத் தூணாக நின்று வரிசையைத் தாங்குவதும் இதுதான். இதைச் சிறு வயதில் இழந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாயும். எதிர்வரிசைப் பல் கடிக்க ஆள் இல்லாமல் நீண்டு வரும். பிள்ளை ஒரு பக்கமாகவே மெல்லப் பழகும்.

இத்தனை முக்கியமான பல், முளைக்கும் காலத்தில் மிகவும் எளிதாகச் சொத்தையாகும். அதற்கு நான்கு காரணங்கள்.

ஒன்று, புதிதாக வந்த பல்லின் எனாமல் இன்னும் முழுதாகக் கெட்டிப்படவில்லை. வாய்க்குள் வந்த பிறகு உமிழ்நீரில் உள்ள தாதுக்களை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் கெட்டிப்படும். இரண்டு, மேற்பரப்பில் ஆழமான வெடிப்புகள் இருக்கும். அந்த வெடிப்புகளில் பல, பிரஷ்ஷின் ஒரு இழை நுழைய முடியாத அளவுக்குக் குறுகல். பிஸ்கட் மாவு நுழைந்துவிடும், பிரஷ் நுழையாது. மூன்று, ஈறைக் கிழித்துக்கொண்டு வந்து எதிர்ப்பல்லைத் தொட ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை பக்கத்துப் பல்லை விடத் தாழ்வாக இருக்கும், நேராகத் தேய்த்தால் பிரஷ் அதன் மேல் படாமலேயே தாண்டிப் போகும். நான்கு, “பெரிய பிள்ளை ஆகிவிட்டாய், நீயே தேய்த்துக்கொள்” என்று நாம் கையை எடுத்துக்கொள்வதும் சரியாக இந்த வயதில்தான்.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03ல் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 53.8 பேருக்குப் பல் சொத்தை இருந்தது. பதினைந்து வயதில் அது 63.1 ஆனது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள்! அந்த வயதுப் பிள்ளைகளின் நிலையான பற்களில் சொத்தை முதலில் தாக்குவது பெரும்பாலும் இந்தப் பல்லைத்தான்.

வலி வந்தால் என்ன செய்வது?

பல பிள்ளைகளுக்கு இந்தப் பல் வருவதே தெரியாது. சிலருக்கு ஈறு வீங்கும், மெல்லும்போது நோகும், கன்னத்தைக் கடித்துக்கொள்வார்கள். பல்லின் பின்பாதியை ஈறு மூடியிருக்கும்போது அதற்கடியில் சோறு, காய் என்று சிக்கி நோவு அதிகமாகும். பிள்ளைக்கு வாயின் எந்த மூலையில் வலி என்று சொல்லத் தெரியாது. “காது வலிக்குது” என்றுகூடச் சொல்லும். சாப்பாட்டை ஒதுக்கும். அடம் பிடிக்கிறது என்று அதட்டுவதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் சாப்பாட்டுக்குப் பின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். துப்பத் தெரிந்த வயது இது, விழுங்க மாட்டார்கள். இரண்டு மூன்று நாள் குழைந்த சோறு, இட்லி, கஞ்சி கொடுங்கள். வலிக்கிறது என்று தேய்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தை மெதுவாகச் சுத்தம் செய்தாலே பாதி நோவு அடங்கும். பாராசிட்டமால் தேவைப்பட்டால் பிள்ளையின் எடைக்குத் தக்க அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். பெரியவர்களின் ஆஸ்பிரின் மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கிராம்புத் தைலத்தை ஈறில் அப்பினால் புண்ணாகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பல் முளைப்பதால் கடும் காய்ச்சல் வராது. “பல் முளைக்குது, அதான் காய்ச்சல்” என்று மூன்று நாள் வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதிகளில் டெங்கு வருவது உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் என்றால் காய்ச்சலுக்கு உரிய மருத்துவரைப் பாருங்கள். முகம் வீங்கினாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்க முடியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பல்லில் புழு இருக்கிறது, கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் புழு எடுக்கிறேன் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொத்தைப் பல்லுக்குள் புழு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இனிப்பையும் மாவையும் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன, அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. புகை போட்டால் பிள்ளையின் வாய் வெந்து போகலாம், சொத்தை அப்படியேதான் இருக்கும்.

தேய்க்கும் முறை

எட்டு வயது வரையாவது இரவில் பெரியவர் ஒருவர் தேய்த்துவிட வேண்டும். பிள்ளைக்குத் தானே தேய்க்க ஆசை என்றால் முதலில் அது தேய்க்கட்டும், முடித்ததும் நீங்கள் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள்.

எப்படி நிற்பது? பிள்ளைக்குப் பின்னால் நில்லுங்கள். பிள்ளையின் தலை உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கட்டும். வாயை முழுவதும் திறக்கச் சொல்லாதீர்கள், முழுதாகத் திறந்தால் கன்னம் இறுகிப் பிரஷ் உள்ளே போகாது. பாதி திறந்தால் போதும். ஒரு விரலால் கன்னத்தைச் சற்று விலக்கி, பிரஷ்ஷைப் பக்கவாட்டில் நுழைத்து, குறுக்காகப் பிடித்து, ஆறாவது பல்லின் மேற்பரப்பில் மட்டும் பத்துப் பதினைந்து தடவை முன்னும் பின்னும் அசையுங்கள். மற்ற பற்களை வழக்கம்போல் தேய்த்த பிறகு நான்கு மூலைக்கும் தனித்தனியாக இப்படிச் செய்ய வேண்டும். ஒரு மூலைக்குப் பத்து வினாடிதான்.

பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். நம் நாட்டுச் சட்டப்படி பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது. எவ்வளவு இருக்கிறது என்பதைக் குழாயிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கென்று படம் போட்டு விற்கும் சில பேஸ்ட்களில் அதில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. ஆறு வயதாகி, துப்பத் தெரிந்த பிள்ளைக்கு வீட்டில் பெரியவர்கள் தேய்க்கும் 1000 பி.பி.எம். பேஸ்ட்டே பொருத்தம்.

ஃபுளோரைடு கெடுதல் இல்லையா என்று சிலர் கேட்கிறீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களுக்கு இந்தப் பயம் அதிகம். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி, அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் கறை படிவது உண்மை. அது பல் உருவாகும் வயதில் நாள்தோறும் நீரோடு விழுங்கியதால் வந்தது. பட்டாணி அளவு பேஸ்ட்டால் தேய்த்துத் துப்புவது வேறு விஷயம், அது பல்லுக்குக் காவல்.

மிஸ்வாக்கும் உளூவும்

சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்று அஞ்சியிராவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யும்படி கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பல் சுத்தத்தை இபாதத்தோடு இணைத்த மார்க்கம் நம்முடையது. பிள்ளைக்கு ஏழு வயதானால் தொழுகைக்கு ஏவ வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். வயதைக் கவனித்தீர்களா? பிள்ளைக்கு உளூ செய்யச் சொல்லிக் கொடுக்கும் வயதும் ஆறாவது பல் முளைத்துக்கொண்டிருக்கும் வயதும் ஒன்றே. உளூவில் வாய் கொப்பளிக்கக் கற்றுக்கொடுக்கும்போதே நீரைக் கடைவாய் வரை சுழற்றிக் கொப்பளிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

மிஸ்வாக் குச்சியைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது நல்லது. ஆனால் நேரான குச்சி, சிறிய வாயின் கடைசி மூலையில், தாழ்வாக இருக்கும் பல்லின் மேல்பக்கத்தை எட்டுவது கடினம். ஆகவே மிஸ்வாக்கும் இருக்கட்டும், இரவில் பிரஷ்ஷும் இருக்கட்டும்.

இரவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும், பல்லைக் கழுவிக் காக்க ஆள் இருக்காது. அதனால் இஷா தொழுகை முடிந்து, சாப்பாடு, பால் எல்லாம் ஆன பிறகு கடைசி வேலையாகத் தேய்க்க வேண்டும். தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், சொம்பு நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டாம். பேஸ்ட்டின் மருந்து பல்லில் தங்கட்டும். இஷாவுக்கு முன் தேய்த்தால் உளூவில் மூன்று தடவை கொப்பளிக்கும்போது அது போய்விடும்.

ரமலானில் சின்னப் பிள்ளைகளும் ஆசைக்கு ஒரு நோன்பு, இரண்டு நோன்பு என்று பிடிக்கிறார்கள். நோன்பு திறந்தது முதல் சர்பத், பேரீச்சம்பழம், இனிப்பு என்று படுக்கும்வரை வாய் ஓயாது. சஹருக்குப் பிறகு அரைத் தூக்கத்தில் அப்படியே படுத்துவிடுவார்கள். அந்த மாதத்தில் தராவீஹ் முடிந்து ஒரு தடவையும், சஹர் முடிந்து பஜ்ர் பாங்குக்கு முன் ஒரு தடவையும் தேய்க்கப் பழக்குங்கள்.

தின்பண்டம்

மக்தபுக்கு வரும் பிள்ளைகளின் கையில் என்ன இருக்கிறது என்று ஹஜ்ரத்துக்குத் தெரியும். கிரீம் பிஸ்கட், சிப்ஸ், ஜெல்லி மிட்டாய். பள்ளிக்கூடம் விட்டு அஸர் முதல் இஷா வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கிறார்கள். பல்லுக்கு, எவ்வளவு இனிப்புத் தின்கிறோம் என்பதோடு எத்தனை தடவை தின்கிறோம் என்பதும் முக்கியம். ஒவ்வொரு தடவை தின்னும்போதும் வாயில் அமிலம் ஊறும், அது அடங்க அரை மணி நேரமாவது பிடிக்கும். அடங்குவதற்குள் அடுத்த பிஸ்கட் போனால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. இனிப்புக் கொடுப்பதென்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இடையில் பசித்தால் வேர்க்கடலை, சுண்டல், கொய்யாப்பழம் கொடுக்கலாம். தண்ணீர் பாட்டிலில் தண்ணீரே இருக்கட்டும்.

சீலண்ட் என்றொரு காவல்

இந்தப் பல்லின் வெடிப்பைப் பிரஷ் எட்டாது என்று சொன்னேன். அந்த வெடிப்பையே மூடிவிட ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெயர் சீலண்ட். ஊசி கிடையாது, துளை போடுவது கிடையாது, வலி கிடையாது. பல்லைச் சுத்தம் செய்து உலர்த்தி, திரவமாக ஒரு பிசினை வெடிப்பில் பூசி, ஒளி காட்டிக் கெட்டியாக்குவார்கள். ஒரு பல்லுக்குச் சில நிமிடம். 1955ல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர், எனாமலை மெல்லிய அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் ஒட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்ததில் இருந்து வந்த முறை இது. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் 2016ல் வெளியிட்ட அறிக்கையில், ஆறு முதல் பதினோரு வயது வரை சீலண்ட் போடாத பிள்ளைகளுக்கு இந்த முதல் கடைவாய்ப் பல்லில் வரும் சொத்தை, போட்ட பிள்ளைகளை விட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று சொல்லியிருக்கிறார்கள்.

பல்லின் மேற்பரப்பு முழுவதும் வெளியே வந்து, ஈரம் படாமல் வைத்துக்கொள்ள முடிந்தால்தான் சீலண்ட் நன்றாகப் பிடிக்கும். அதனால் பல் எட்டிப் பார்க்கும்போதே ஒரு தடவை காட்டிவிட்டால், எப்போது போடலாம் என்று மருத்துவர் சொல்லிவிடுவார். போட்ட பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீலண்ட் போட்டாயிற்று என்று தேய்ப்பதை விட்டுவிடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. சில பிள்ளைகளுக்கு இந்தப் பல் முளைக்கும்போதே மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டுத் திட்டாக இருக்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும், ஓரம் உதிரும். உலக அளவில் ஏழெட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு இப்படி வருவதாகக் கணக்குச் சொல்கிறார்கள். இது தேய்க்காததால் வந்தது இல்லை, பல் உருவாகும்போதே எனாமலில் ஏற்பட்ட குறை. பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆனால் இந்தப் பல் மிக விரைவில் சிதையும் என்பதால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கே போவது?

வலி இல்லாதபோது பல் மருத்துவரிடம் போவதா என்று கேட்பீர்கள். வலி இல்லாதபோது போனால்தான் செலவு குறைவு, பிள்ளைக்கும் பயம் இருக்காது.

தாம்பரத்தில் பீச் ரயில் ஏறி, எழும்பூர், பார்க் தாண்டி அடுத்து வரும் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1953ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய நிறுவனம். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டுப் போடுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி பல் மருத்துவக் கல்லூரி, வண்டலூரைத் தாண்டி ரத்தினமங்கலத்தில் தாகூர் பல் மருத்துவக் கல்லூரி, காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல் மருத்துவக் கல்லூரி ஆகியவை இருக்கின்றன. கல்லூரி மருத்துவமனைகளில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவ மருத்துவர்கள் பார்ப்பார்கள். நேரம் கொஞ்சம் கூடுதலாகும், கட்டணம் வெளியில் ஆவதை விடக் குறைவு.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2013ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழு வருடம் ஒரு தடவை பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அவர்கள் பார்க்கும் குறைபாடுகளின் பட்டியலில் பல் நோயும் இருக்கிறது. அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டை பையில் மடித்து வைத்துவிடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த இடத்தில் ஒரு பெரியவரை நினைவுகூர வேண்டும். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920ல் கல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். அமெரிக்காவில் பல் மருத்துவம் படித்துத் திரும்பியவர். கல்லூரியை நடத்தப் பணம் வேண்டும் என்பதற்காக ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்று ஒரு குளிர்பானக் கடை நடத்தினார். இனிப்பு விற்ற காசில் பல் மருத்துவர்களை உருவாக்கினார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கல்லூரி வளர்ந்தபின் 1949ல் அதை அரசுக்கே கொடுத்துவிட்டார். 1964ல் பத்மபூஷண் விருது பெற்றார். அவர் பிறந்த டிசம்பர் 24ஐ இன்றும் தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஊரார் பிள்ளைகளின் பல்லுக்காகத் தன் உழைப்பைக் கொடுத்த மனிதர் நம் சமுதாயத்தில் இருந்திருக்கிறார். நம் பிள்ளைகளின் பல்லுக்காக நாம் இரவில் இரண்டு நிமிடம் கொடுக்க முடியாதா?

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேண்டுகோள்

தாய்மார்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. பல்லாவரம் தோல் ஷாப்பில், மெப்ஸ் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்துவிட்டு வரும் அத்தாமார்களே, இரவில் தேய்த்துவிடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சவுதியிலும் துபாயிலும் இருக்கும் தகப்பன்மார்கள் வீடியோ காலில் பேசும்போது, பரீட்சை மார்க்கைக் கேட்பதுபோல், “ஆறாவது பல்லைக் காட்டு” என்று கேளுங்கள். நன்னிமார்கள், தாதிமார்கள் பேரப்பிள்ளை அழுகிறதே என்று இரவில் தேய்த்த பிறகு மிட்டாய் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். உங்கள் பாசத்தைப் பகலில் காட்டிக்கொள்ளலாம்.

அறக்கட்டளை செய்யப் போவதையும் சொல்லிவிடுகிறேன். மக்தபில் சேரும் ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளின் சேர்க்கைப் படிவத்தில் ‘ஆறாவது பல் முளைத்ததா? மருத்துவரிடம் காட்டியாயிற்றா?’ என்று இரண்டு கேள்விகள் சேர்க்கிறோம். முதல் தடவை பல் மருத்துவமனைக்குப் போகத் தயங்கும் குடும்பங்களோடு நம் தன்னார்வலர் ஒருவர் துணைக்கு வருவார். ரயில் செலவுக்குக்கூட வழியில்லை என்றால் வெட்கப்படாமல் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

ரூட் கெனாலுக்கு உதவி கேட்டு வரும் மனுவை நாங்கள் திருப்பி அனுப்ப மாட்டோம், இன்ஷா அல்லாஹ். ஆனால் நம்மிடம் இருக்கும் நிதி அளவானது. ஒரு பிள்ளையின் ரூட் கெனாலுக்கும் கேப்புக்கும் கொடுக்கும் தொகையில் பல பிள்ளைகளுக்குச் சீலண்ட் போட்டுவிடலாம், மிச்சத்தில் ஒரு மாணவருக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம். அதோடு, எவ்வளவு பணம் கொடுத்தாலும் பிடுங்கிய பல்லைத் திரும்ப முளைக்க வைக்க முடியாது.

ஆரம்பத்தில் சொன்ன பெண் பிள்ளையின் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற மூன்று ஆறாவது பற்களைப் பரிசோதித்து, அவற்றுக்குச் சீலண்ட் போட ஏற்பாடு செய்திருக்கிறோம். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்கு இன்னும் முளைக்கவில்லை. அந்தத் தாய் இப்போது தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறாராம்.

அவர் பார்க்கிறார். நீங்களும் இன்றிரவு பாருங்கள். இங்கே வராத பக்கத்து வீட்டாருக்கும், அவர்கள் எந்தச் சமூகத்தவராக இருந்தாலும், சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பூரண ஆரோக்கியத்தையும், அவர்களை அமானிதமாகப் பேணி வளர்க்கும் பொறுப்புணர்வை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.